என்னைப் பின்தொடர்ந்த காற்றழுத்தத் தாழ்வு

பெரிய புயல் கடலூரைக் கடந்த விடியற்காலையில் நான் தலையில் இட்லிக் குண்டானைக் கவிழ்த்துக்கொண்டு குளியலறையில் உட்கார்ந்திருந்தேன். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் என் மனைவி சொல்லிவிடுவாள். அவள் சொல்லும்போது, குண்டானுக்குள் முதல் நாள் சட்டினி ஒட்டிக்கொண்டிருந்ததாக ஒரு கூடுதல் தகவலும் வரும். அது பொய். சட்டினி வேறு பாத்திரத்தில் இருந்தது.

நான் குண்டானுக்குள் இருந்த நேரம் முழுக்க அவள் வாசல் கதவில் முதுகைக் கொடுத்து நின்றிருந்தாள். தாழ்ப்பாள் எப்போதோ பெயர்ந்துவிட்டது. அந்தக் காற்று ஊளையிட்டது என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். எனக்குக் கேட்டது வேறு சத்தம். மேல்மாடியில் யாரோ பீரோவையும் கட்டிலையும் இழுத்து இழுத்து இடம் மாற்றிப் போடுகிற சத்தம். எங்கள் வீட்டுக்கு மாடி கிடையாது.

விடிந்து வெளியே வந்தபோது தெருவில் ஒரு பலா மரமும் இல்லை. வெளிச்சம் வழக்கமில்லாத பக்கத்திலிருந்து வந்தது. வேறு யாருடைய தெருவிலோ நிற்பது போலிருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஐப்பசியிலும் என் வயிற்றில் ஒரு துறைமுகம் திறந்துகொள்ளும். முதுநகர் துறைமுகத்தில் ஒன்றாம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் என் வயிற்றில் பத்தாம் எண் ஏறிவிடும். நான் தினமும் அந்த முதுநகர் வழியாகத்தான் சிதம்பரத்துக்கு வேலைக்குப் போகிறேன். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரரிடம், "கூண்டு ஏத்திட்டாங்களா?" என்று கேட்பேன். ஒருநாள் சித்திரை மாத வெயிலில் கேட்டுவிட்டேன். அவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. இருபத்து மூன்று வருடமாக அங்கே சுவரில் மாட்டியிருக்கும் பாதரச அழுத்தமானியைத் தினமும் துடைத்திருக்கிறேன். ஒருநாள்கூட அது என்ன காட்டுகிறது என்று பார்த்ததில்லை. ஐம்பது வயது முடிந்த வருடம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. பயப்படுவது என்று ஆகிவிட்டது. அதை முறையாகப் படித்துப் பயப்பட்டால் என்ன?

வானிலை வரைபடம் போடக் கற்றுத் தரும் இணைய வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நடக்கும். எட்டுப் பேர் படித்தோம். சொல்லித் தந்தவர் என் வயதில் பாதி இருக்கக்கூடிய ஒரு பெண். கேமராவை அணைத்துவிட்டு வரைபடத்தை மட்டும் திரையில் காட்டுவார் என்பதால் அவருடைய முகம் எங்களுக்குத் தெரியாது. குரல் மட்டும்தான். கோபமே வராத குரல். தப்பு செய்தால் அது இன்னும் மெதுவாகும். அந்த மெதுவுக்கு நான் மிகவும் பயந்தேன்.

வேலை எளிமையானது. வங்காள விரிகுடாவும் அதைச் சுற்றிய கரையும் அச்சிட்ட வெற்றுப் படம் ஒன்று. ஒவ்வொரு ஊர்ப் புள்ளியின் பக்கத்திலும் அந்த ஊரின் காற்றழுத்தத்தை எழுத வேண்டும். சென்னை, புதுச்சேரி, கடலூர், காரைக்கால், நாகை, அப்புறம் இலங்கைக் கரை. காலை எட்டரை மணிக்கு எல்லா ஊரிலும் எடுக்கும் எண்களை ஆசிரியை எங்கள் குழுவில் போட்டுவிடுவார். ஒரே அழுத்தமுள்ள இடங்களை பென்சிலால் கோடு போட்டு இணைக்க வேண்டும். கோடுகள் ஒன்றை ஒன்று வெட்டக் கூடாது. அழுத்தம் குறைந்த இடத்தைச் சுற்றிக் கோடு மூடிக்கொண்டு வட்டமானால் அதுதான் தாழ்வு. மழையும் காற்றும் அங்கேதான் குடியிருக்கும்.

கரையில் எண்கள் நெருக்கமாக இருக்கும். கடலுக்குள் ஒன்றும் இருக்காது. ஏதாவது ஒரு கப்பல் மனது வைத்து ஒரு எண் அனுப்பினால் உண்டு. அந்த வெற்றுக் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தால் என் பென்சில் தானாக வட்டம் போட ஆரம்பித்துவிடும். முதல் வாரம் மூன்று புயல்களைப் போட்டேன். ஒன்று கப்பல்காரன் இருந்த இடத்திலேயே.

"சார்," என்றது குரல். "வெத்து எடத்துல பயத்தை வரையாதீங்க. எண் இருந்தா கோடு போடுங்க. இல்லைன்னா பக்கத்துக் கோடு எப்படிப் போகுதோ அப்படியே அமைதியா கொண்டு போங்க."

"அமைதியாவா மேடம்?"

"பென்சில் மட்டும் அமைதியா இருந்தாப் போதும் சார்."

இன்னொன்றும் சொன்னார். ஒரே ஒரு ஊர்ப் புள்ளியைச் சுற்றி மட்டும் வட்டம் விழுந்தால், முதலில் அந்த எண்ணைச் சந்தேகப்பட வேண்டும். அதை நான் நோட்டில் எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டேன். பிறகு நடந்ததற்கெல்லாம் அந்த அடிக்கோடு சாட்சி.

படிப்பு ஏற ஏற எனக்கு ஆசையும் ஏறியது. எல்லா ஊருக்கும் எண் இருக்கிறது, எனக்கு மட்டும் ஏன் இல்லை? சோப்பு டப்பா அளவில், வட்ட முகமும் ஒற்றை முள்ளும் கொண்ட பித்தளை அழுத்தமானி ஒன்றை வரவழைத்தேன். ஆய்வகத்துப் பாதரச மானியோடு ஒப்பிட்டுத் திருகிச் சரிசெய்து, மதியச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். ஆய்வகம் நாலு மணிக்கு அடங்கிவிடும். அப்போது முள்ளைப் பார்த்துக் குறித்துக்கொள்வேன். வீட்டுக்கு வந்து, எட்டரை மணி எண்களோடு என் எண்ணையும் சேர்த்து எழுதி, கோடு போடுவேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தாலும் நாலு மணிக்குத்தான் பார்ப்பேன். விஞ்ஞானத்தில் ஒழுங்கு முக்கியம் அல்லவா.

மார்கழியின் முதல் திங்கட்கிழமை சிதம்பரத்தின் மேல் ஒரு சின்ன வட்டம் விழுந்தது. சுற்றியுள்ள ஊர்களைவிட மூன்று மில்லிபார் குறைவு. மறுநாளும் சிதம்பரம்தான். புதன், வியாழன், வெள்ளியும் அதே. வானத்தில் மேகமே இல்லை. வெளியே இலை அசையவில்லை. அது ஒரு மாதிரியாக இருந்தது. மேலே இத்தனை பெரிய குழி விழுந்திருக்கிறது, கீழே கோயில் தெருவில் பூக்காரம்மா பாட்டுக்குப் பூக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை கடலூரில் இருந்தேன். அந்த ஊர் எண் இருக்க வேண்டிய இடத்தில் என் எண்ணை எழுதினேன். வட்டம் கடலூருக்கு வந்தது.

தற்செயல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த விடுமுறை நாளில் மனைவி ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்குப் போக வேண்டும் என்றாள். பை எடுத்துக்கொண்டு போனேன். பிராகாரத்தில் நாலு மணிக்கு, எல்லோரும் கைகூப்பிக்கொண்டிருக்கும்போது, நான் சாப்பாட்டுப் பைக்குள் தலையை விட்டு முள்ளைப் பார்த்தேன். இரவு படத்தில் ஸ்ரீமுஷ்ணத்துக்கு ஒரு புள்ளி வைத்து எண்ணை எழுதினேன். வட்டம் அங்கே போயிருந்தது. கடலூரில் ஒன்றும் இல்லை.

பதினோரு நாள் படங்களைத் தரையில் வரிசையாகப் பரப்பினேன். ஒவ்வொன்றிலும் ஒரே அளவில் ஒரே ஒரு சின்ன வட்டம். சிதம்பரம், சிதம்பரம், கடலூர், சிதம்பரம், ஸ்ரீமுஷ்ணம், கடலூர். நான் ஏறிய பஸ்ஸில் அதுவும் ஏறியிருக்கிறது. நான் இறங்கிய இடத்தில் இறங்கியிருக்கிறது. புயல் கடலில் சுற்றும், கரையில் ஏறும், செத்துப்போகும். ஆனால் ஒரு ஆளைப் பார்த்து வைத்துக்கொண்டு அவன் பின்னாலேயே வரும் என்று எந்த வகுப்பிலும் சொல்லவில்லை.

சோதித்துப் பார்க்க நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை, வழக்கமாகப் போகாத தேவனாம்பட்டினம் கடற்கரைக்குத் தனியாகப் போனேன். படகுகள் மணலில் மூக்கைத் தூக்கிக் கிடந்தன. கடல் எண்ணெய் ஊற்றினது போல வழவழவென்று இருந்தது. ஒரு அலை வந்துவிட்டு, அடுத்ததைப் பற்றி யோசிப்பது போல நேரம் எடுத்துக்கொண்டது. தும்பிகள் முழங்கால் உயரத்தில் பறந்தன. நாலு மணி ஆனதும் டப்பாவை எடுத்தேன். முள் இறங்கியிருந்தது. சுண்டினேன். இன்னும் கொஞ்சம் இறங்கியது.

வலை சரிபார்த்துக்கொண்டிருந்த ஒருவர், "என்னா சார், மணியா?" என்றார்.

"காத்தழுத்தம்."

"என்னா சொல்லுது?"

"நான் இங்க இருக்கேன்னு அதுக்குத் தெரிஞ்சு போச்சு."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வலையைத் தூக்கிக்கொண்டு அடுத்த படகுக்குப் போய்விட்டார். என்னைக் கண்டால் ஆட்கள் இடம் மாறுவது பஸ்ஸோடு நின்றிருக்கும் என்று நினைத்திருந்தேன்.

இதையெல்லாம் நான் என்னோடு வைத்துக்கொண்டிருந்தால் ஒரு பைத்தியத்தோடு போயிருக்கும். ஆனால் எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள். புவனகிரி தாண்டி வெள்ளாற்றுப் பக்கம் வீடு. அக்கா வீட்டுக்காரருக்கு, அதாவது என் மாமாவுக்கு, மூன்று காணி நிலம், ஏறக்குறைய நாலு ஏக்கர். மூன்றிலும் சம்பா நெல் கதிர் தலைசாய்ந்து நின்றது. பழுக்க இன்னும் பதினைந்து நாளாவது வேண்டும். அந்த நெல்லில்தான் வீட்டின் வருஷச் சாப்பாடு, மகளின் நர்சிங் படிப்பின் கடைசி வருடம் எல்லாம் இருந்தன. கதிர் கனத்து நிற்கும்போது மழை பிடித்தால் பயிர் அப்படியே படுத்துவிடும். படுத்த பயிர் தண்ணீரில் கிடந்து முளை விட்டுவிடும்.

வெள்ளிக்கிழமை வேலையிலிருந்து கொஞ்சம் முன்னதாகவே கிளம்பி அங்கே போனேன். பஸ் தாமதமாகும் என்று தெரிந்ததால் நாலு மணிக்குப் பஸ்ஸுக்குள்ளேயே முள்ளைப் பார்த்துக்கொண்டேன். இறங்கும்போது வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வாசலிலிருந்தே கத்தினேன்.

"மாமா, அறுத்துடுங்க. நாளைக்கே அறுத்துடுங்க. அது இங்கயும் வந்துடுச்சு."

"எது மச்சான்?" மாமா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

படங்களைக் கயிற்றுக் கட்டிலில் பரப்பிக் காட்டினேன். அக்கா அடுப்படியிலிருந்து டீயோடு வந்தாள். அக்காவின் டீயைப் பற்றி ஒரு வார்த்தை: அது முப்பது வருடமாக ஒரே மாதிரி மோசமாக இருக்கும். நானும் முப்பது வருடமாக அதைத் திட்டிக்கொண்டே குடிக்கிறேன். அன்றும் வாயில் வைத்ததும், "அக்கா, புயல் வர்றதுக்கு முன்னாடி இந்த டீயே நம்மளைக் கொன்னுடும்," என்றேன்.

"மானம் கெட்டவனே, கண்ணு ரெண்டும் வெளியில வந்து நிக்குது, வாய் மட்டும் அடங்குதா பாரு."

மாமா படங்களை நிதானமாகப் பார்த்தார். "மேகமே இல்லியே மச்சான்."

"அதான் மாமா பயமே."

மாமாவுக்கு என் மேல் பாசம் ஜாஸ்தி. அதுதான் அவர் செய்த ஒரே தப்பு. என் பேச்சை முழுசாக நம்பவும் இல்லை, தட்டவும் மனமில்லை. அறுவடை வண்டியை வரவழைத்து, மேட்டில் இருந்த ஒரு காணியை மட்டும் அறுத்தார்.

மழை வரவில்லை. மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. வெயில் கன்னத்தில் அறைகிற மாதிரி அடித்தது. பச்சையாக அறுத்த நெல்லில் ஈரம் ஜாஸ்தி என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாமா அதைத் தார் ரோட்டில் கொட்டி, காலால் கிளறிக் கிளறி ஆறு நாள் காயவைத்தார். பால் காயாத நெல் காய்ந்ததும் சுருங்கிப் பாதி பதராகிப் போனது. ரோட்டில் போகிறவர்கள் ஒவ்வொருவரும் வண்டியை நிறுத்தி, "ஏன் இப்பவே அறுத்துட்டீங்க?" என்று கேட்பார்கள். மாமா கிளறுவதை நிறுத்தாமல் பதில் சொல்வார். "மச்சான் சொன்னாரு."

மூன்று வார்த்தைகூட இல்லை. அதை ஆறு நாளும் சொல்லியிருக்கிறார். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

படங்கள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஆசிரியைக்கு அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும் என்னை மட்டும் இருக்கச் சொன்னார். குரல் வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது.

"சார், இந்த வட்டத்துக்குள்ள இருக்கற எண் யாரோடது?"

"என்னோடது மேடம்."

"எத்தனை மணிக்குப் பாத்தீங்க?"

"கரெக்டா நாலு மணிக்கு. ஒரு நாள்கூட தவறல."

"மத்த ஊர் எண்ணெல்லாம்?"

"அது நீங்க போடறது மேடம். காலையில எட்டரை..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் குரல் எங்கோ கிணற்றுக்குள் இறங்கியது. திரையில் ஒன்றும் அசையவில்லை. அவர் சிரிக்கிறாரோ என்று காதைக் கொடுத்தேன். சிரிக்கவில்லை.

"சார், நம்ம பக்கத்துல காத்தோட அழுத்தம் தினமும் ரெண்டு தடவ ஏறி இறங்கும். காலையில பத்து மணிவாக்குல உச்சம். சாயந்திரம் நாலு மணிக்கு மூணு, நாலு மில்லிபார் இறங்கியிருக்கும். திரும்ப ராத்திரி பத்துக்கு ஏறும். விடியறதுக்கு முன்ன நாலுக்கு இறங்கும். புயல் வேணாம், மழை வேணாம், ஒண்ணும் வேணாம். அது பாட்டுக்கு நடக்கும். ஊரே காலையில நிக்குது, நீங்க மட்டும் சாயந்திரத்துல நிக்கறீங்க. அதனால நீங்க எங்க போனாலும் அங்க ஒரு பள்ளம்."

என்னைத் தேடி வந்த தாழ்வு, என் கைக்கடிகாரத்துக்குள் இருந்திருக்கிறது. இருபது நாள் ஒரு மனிதன் சாயங்காலத்துக்குப் பயந்து ஓடியிருக்கிறான்.

நியாயமாகப் பார்த்தால் இதோடு என் பயம் தீர்ந்திருக்க வேண்டும். பொங்கலுக்கு முந்தைய விடுமுறையில் ஒருநாள் முழுக்க டப்பாவைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துக்கொண்டு மணிக்கு மணி குறித்தேன். காலையில் முள் மெல்ல ஏறியது. பத்துக்கு நின்றது. மதியம் முழுக்க இறங்கியது. நாலு மணிக்கு நின்றது. அப்புறம் திரும்ப ஏற ஆரம்பித்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு மாற்றமும் இல்லை. துணி காய்ந்தது. காய்கறி வண்டி போனது. ஆனால் இந்த வீட்டின் மேல், இந்தத் தெருவின் மேல், கடலின் மேல், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று பொறுமையாக மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. நான் பிறந்த நாளிலிருந்து. அதன் மார்புக்குக் கீழே உட்கார்ந்துதான் இத்தனை வருடம் இட்லி தின்றிருக்கிறேன்.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாரு, மூச்சு விடுது."

அவள் முள்ளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அது விடுது. நீங்கதான் விடாம உக்காந்திருக்கீங்க. கொஞ்சம் விடுங்க, மூஞ்சி நீலமாகுது."

அதன் பிறகு ஒழுங்காகச் செய்தேன். படத்துக்கு எட்டரை மணி எண் மட்டும். மூச்சுக்காகப் பத்துக்கும் நாலுக்கும் தனியாக ஒரு நோட்டு. பத்துக்கு ஏறும், நாலுக்கு இறங்கும். நாள் தவறாமல். நடப்பது தெரிந்த பிறகு அதில் ஒரு ஆறுதல்கூட வந்துவிட்டது. பக்கத்தில் படுத்திருப்பவரின் குறட்டை மாதிரி.

தை பிறந்து பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். புதன்கிழமை. ஆய்வகத்தில் பத்து மணிக்கு டப்பாவைத் திறந்தேன். முள் எட்டரைக்கு இருந்த இடத்திலேயே இருந்தது.

சுண்டினேன். அசையவில்லை. பாதரச மானியிடம் போனேன். இருபத்து மூன்று வருடமாகத் துடைத்த கண்ணாடியில் முதல்முறையாகப் பயத்தோடு கண்ணை வைத்தேன். அதுவும் ஏறவில்லை. பதினொன்றுக்கு இரண்டும் கொஞ்சம் இறங்கியிருந்தன.

வெளியே நல்ல வெயில். காக்கைகள் எப்போதும்போல. அடுத்த அறையில் ஊசல் சோதனை செய்யும் பிள்ளைகள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும், பக்கத்தில் கேட்டுக்கொண்டே இருந்த குறட்டை நின்றுபோனது போல இருந்தது. படுத்திருப்பவர் விழித்துக்கொண்டுவிட்டார்.

எட்டரை மணி எண்களை எடுத்து மேஜையில் உட்கார்ந்து படம் போட்டேன். என் எண்ணை எழுதவில்லை. இலங்கையின் கிழக்குக் கரையில் கோடுகள் வீங்கி, வடக்கே நம் பக்கம் சாய்ந்திருந்தன. வட்டம் எங்கே மூடுகிறது என்று சொல்லக் கடலில் எண் இல்லை. வரைய ஆசையாக இருந்தது. கை அரித்தது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். வானிலை அறிக்கையில் தெற்கே ஒரு தாழ்வு இருக்கிறது, நம் பக்கம் லேசான மழைக்கு வாய்ப்பு, தொடர்ந்து கண்காணிக்கிறோம் என்றிருந்தது. அதுதான் நேர்மையான பேச்சு. ஆனால் அது தீவிரமாகி நாளைக்கு எச்சரிக்கை வந்துவிட்டால், சிதம்பரம் சுற்று வட்டாரத்தில் ஒவ்வொரு விவசாயியும் ஒரே நேரத்தில் அறுவடை வண்டிக்குப் போன் போடுவான். அப்புறம் வண்டி கிடைக்காது. மாமாவுக்கு அறுக்க வேண்டுமென்றால் இன்றைக்கே சொல்லி வைக்க வேண்டும்.

அதைச் சொல்ல வேண்டியவன் நான். ஒரு காணியை ரோட்டில் காயவைத்தவன்.

இன்னொரு தடவை தப்பாகச் சொன்னால் மாமா அதையும் கிளறிக்கொண்டு "மச்சான் சொன்னாரு" என்பார். சொல்லாமல் இருந்து மழை வந்தால் இரண்டு காணி படுத்துவிடும். போன் செய்ய எடுத்தேன், வைத்தேன். மதியச் சாப்பாடு இறங்கவில்லை. அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் புவனகிரி பஸ் ஏறினேன்.

மாமா வாசலில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. "வாங்க மச்சான். என்னா, உங்க வட்டமும் கூட வந்துச்சா? அதுக்கும் ஒரு டீ போடச் சொல்லட்டுமா?"

சிரிக்க முயன்றேன். உதடு ஒத்துழைக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்தேன். பையைத் திறக்கவில்லை. எதிரே வயல் மஞ்சளாகி நின்றது. காற்று இல்லை. கதிர் ஒன்றோடு ஒன்று உரசுகிற சத்தம்கூட இல்லை. வழக்கமாக வரப்பில் நிற்கும் கொக்குகள் ஒன்றைக்கூடக் காணவில்லை. அதைக் கவனித்தது நான் மட்டும்தானா என்று மாமாவைப் பார்த்தேன். அவர் மண்வெட்டியில்தான் இருந்தார்.

அக்கா டீ கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். பாதி குடித்த பிறகு, எதிரே நின்றுகொண்டிருக்கிறாளே, ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "டீ நல்லாருக்குக்கா," என்றேன்.

மாமா கேட்டார், "என்ன விஷயம் மச்சான்? வேலை நேரத்துல வந்திருக்கீங்க."

"காலையில ஏறலை மாமா. தினமும் ஏறும், இன்னிக்கு ஏறலை. அவ்ளோதான் எனக்குத் தெரியும். போன தடவ மாதிரி தப்பாகூட இருக்கும். அறுங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரலை."

"அப்ப விடுங்க. நாலு நாள் போவட்டும். இன்னும் கொஞ்சம் முத்தட்டும்."

"வண்டிக்குப் போனப் போடுங்க," என்றாள் அக்கா.

மாமா திரும்பிப் பார்த்தார். "எதுக்குடி? அவரே தெரியலைங்கறாரு."

"இவன் டீ நல்லாருக்குன்றான்."

"அதுக்கு?"

"முப்பது வருஷத்துல சொன்னதில்ல. எங்கப்பா செத்த அன்னிக்குக்கூட, துக்கத்துக்கு வந்தவங்க முன்னால, டீயா இதுன்னு கேட்டவன் இவன். போன தடவ கத்திக்கிட்டு வந்தான், டீயத் திட்டினான். அப்பவே உங்களுக்குச் சொன்னேன், நீங்கதான் கேக்கல. இப்பப் போடுங்க போனை."

மாமா என்னைப் பார்த்தார். நான் டம்ளரைப் பார்த்தேன். அடியில் கசண்டு கறுப்பாகத் தேங்கியிருந்தது. உண்மையில் படுமோசமான டீ. குடிக்கும்போது எனக்கு அது தெரியவே இல்லை.

வண்டிக்காரர் மறுநாள் காலையில் வருவதாக ஒப்புக்கொண்டார். பனி ஈரம் காய வேண்டும் என்பதால் வயலுக்குள் வண்டி இறங்கும்போது பத்து மணி ஆகிவிட்டது. நான் லீவு போட்டுவிட்டு வரப்பில் நின்றேன். கையில் டப்பா. பத்து மணிக்கு முள் ஏறாதது மட்டுமல்ல, முதல் நாள் நாலு மணிக்கு இருந்த இடத்துக்கும் கீழே கிடந்தது. வண்டியின் சத்தம் அத்தனை பெரிது. ஆனாலும் அதைச் சுற்றி ஒரு அமைதி இருந்தது, சத்தம் வயலைத் தாண்டிப் போகாதது போல. அறுத்த தாளில் பூச்சி பொறுக்க ஒரு பறவையும் வரவில்லை.

பதினோரு மணிக்கு எச்சரிக்கை வந்தது. பதினொன்றேகாலுக்கு வண்டிக்காரரின் போன் அடிக்க ஆரம்பித்தது. அவர் ஒரு கையால் வண்டியை ஓட்டிக்கொண்டு இன்னொரு கையால், "இல்லீங்க, நாளைக்குத்தான், இல்லீங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு "இல்லீங்க"வுக்கும் அந்தப் பக்கம் யாரோ ஒருவரின் வயல் நின்றுகொண்டிருந்தது.

நாலு மணிக்குக் கிழக்கே வானம் பழைய செம்புப் பாத்திரத்தின் உட்பக்கம் மாதிரி ஆனது. மேட்டுக் காணி போன தடவையே போய்விட்டது. மிச்ச இரண்டில் ஒன்றேமுக்கால் காணி அறுத்து, நெல் தார்ப்பாய்க்குக் கீழே போயிருந்தது. ஆற்றோரம் தாழ்வாக இருந்த கால் காணிதான் பாக்கி. முதல் துளிகள் தார்ப்பாயில் விழுந்தன. ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது. ஈர மண்ணில் டயர் புதைந்துவிடும் என்று வண்டிக்காரர் வெளியே எடுத்துவிட்டார். மாமா கால் காணியை ஒருமுறை பார்த்தார். பிறகு என் தோளில் கை போட்டார். "வாங்க மச்சான், நனையாதீங்க."

மூன்று நாள் மழை. காற்று பெரிதாக இல்லை; குண்டான் தேவைப்படவில்லை. கால் காணி படுத்துப் போனது. அக்கம்பக்கத்தில் பல வயல்கள் முழுசாகப் படுத்தன. மாமா அதைப் பற்றி யாரிடமும் பெருமை பேசவில்லை. நானும் பேசவில்லை. நான்காம் நாள் காலை பத்து மணிக்கு முள் ஏறியது. ஆய்வகத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து, ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போதெல்லாம் மழை வருமா என்று அக்கா என்னிடம் கேட்பதில்லை. போன் செய்து, போன தடவை வந்தபோது டீ எப்படி இருந்தது என்று கேட்கிறாள். மாட்டுக்கு வைக்கிற கழுநீரே தேவலை என்று நான் சொன்னால், சரி என்று வைத்துவிட்டு மாமாவிடம், ஒண்ணும் இல்லை, காயப்போட்டதை எடுக்க வேணாம் என்கிறாள். அந்தப் பக்கம் மாமா சிரிப்பது எனக்குக் கேட்கும்.

போன வாரமும் கேட்டாள். திட்ட வாயெடுத்தேன். எப்போதும் தயாராக இருக்கும் வார்த்தை அன்று வருவதற்கு ஒரு நொடி தாமதமானது. அவளுக்குப் பின்னால் மாமா எதையோ நிறுத்திவிட்டுக் காது கொடுப்பது தெரிந்தது.

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். தினசரி இறக்கம்தான் என்று தள்ளிவிட, நாலு மணி ஆக இன்னும் நிறைய நேரம் இருந்தது.